மருத்துவமனைக் கருவிகளில் ரேடியோ அலை இடையூறு: சேலம், ஏற்காடு மருத்துவமனைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"செல்போன்களை அணைத்து வைக்கவும்" என்ற பலகை இல்லாத தீவிர சிகிச்சைப் பிரிவைச் சேலத்தில் காண்பது அரிது. அந்தக் கதவுக்கு உள்ளேயே மருத்துவர் தம் போனில் ஸ்கேன் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறார். செவிலியர் ரத்த வங்கியை அழைக்கிறார். நோயாளியின் மகன் சுவரோரம் திரும்பி நின்று ஊருக்குத் தகவல் சொல்கிறான். யாரும் மதிக்காத விதி யாரையும் காப்பாற்றாது. அதைவிட மோசம், உண்மையில் எங்கே ஆபத்து இருக்கிறது என்று தேடும் பழக்கத்தையே அந்தப் பலகை நிறுத்திவிட்டது.

மருத்துவக் கருவிகளைப் பராமரிக்கும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். பெரிய மருத்துவமனைகளில் இதற்கென்று பயோமெடிக்கல் பிரிவு இருக்கும். அஸ்தம்பட்டியிலும் ஐந்து ரோட்டிலும் இருபது, முப்பது படுக்கைகளோடு நடக்கும் மருத்துவமனைகளுக்கும், ஏற்காடு மலையில் இருக்கும் சிறிய மருத்துவமனைகளுக்கும் அந்த வசதி இருக்காது. அங்கே பணிபுரியும் செவிலியர்கள், டெக்னீஷியன்கள், நிர்வாகிகள் தாங்களே செய்யக்கூடியவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், செல்போன் அலையால் மருத்துவக் கருவிகள் தடுமாறும் ஆபத்து உண்மையா கற்பனையா என்ற கேள்வி. 2007-இல் இரண்டு ஆய்வுகள் வெளிவந்தன. நெதர்லாந்தில் 61 கருவிகளைச் சோதித்ததில் 26 கருவிகள் தடுமாறின. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 192 கருவிகளிடம் 300 முறை சோதித்ததில், நோயாளியைப் பாதிக்கும் இடையூறு ஒன்றுகூட வரவில்லை. இரண்டுமே சரியான ஆய்வுகள்தான். நெதர்லாந்தில் அலையை முழுச் சக்தியில் வைத்து, கருவிக்கு மிக அருகில் கொண்டுபோய்ப் பார்த்தார்கள். பாதி இடையூறுகள் 3 சென்டிமீட்டருக்குள் வந்தவை. மேயோ கிளினிக்கில் நோயாளிகளின் அறைகளில் மக்கள் வழக்கமாகப் பேசுவதுபோலப் போனைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். ஆக, முடிவைத் தீர்மானித்தவை இரண்டு: எவ்வளவு சக்தி, எவ்வளவு தூரம். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த இரண்டைப் பற்றியதுதான்.

படி 1: நோயாளியைப் பார்த்துவிட்டுக் கருவியைப் பாருங்கள்

மானிட்டரில் கோடு குழம்பினால் கை நோயாளியின் நாடியில் இருக்க வேண்டும். வென்டிலேட்டர் முரண்டுபிடித்தால் கையால் அழுத்தும் ஆம்பு பையை எடுத்து மூச்சுக் கொடுக்க வேண்டும். மருந்தைச் சிறிது சிறிதாகச் செலுத்தும் சிரிஞ்ச் பம்ப் நின்றால் மருந்து எவ்வளவு போயிருக்கிறது என்று சிரிஞ்சிலேயே அளவைப் பார்க்க வேண்டும். அலாரத்தை அமைதியாக்குவது இவற்றுக்குப் பிறகுதான். "யாரோ போன் பேசுகிறார்கள், அதனால்தான்" என்று நினைத்து உண்மையான இதயத் துடிப்புக் கோளாறைத் தவறவிடுவது, எந்த ரேடியோ அலையைக் காட்டிலும் பெரிய ஆபத்து.

படி 2: இது ரேடியோ அலைதானா என்று உறுதி செய்யுங்கள்

"செல்போன் டவரால் மானிட்டர் கெட்டுப்போகிறது" என்று அழைக்கும் இடங்களுக்குப் போய்ப் பார்த்தால் பெரும்பாலும் காரணம் வேறு. உடலில் ஒட்டும் எலக்ட்ரோடில் ஜெல் காய்ந்தது, அதை மானிட்டரோடு இணைக்கும் லீட் ஒயர் உள்ளே அறுந்தது, குளிரில் நடுங்கும் நோயாளி. ஏற்காட்டில் மார்கழி, தை மாதங்களில் இந்தக் கடைசிக் காரணத்தை மறக்கவே கூடாது. இசிஜி கோடு கம்பளிப்பூச்சிபோலத் தடித்து, ஒரே சீராக இருந்தால் அது 50 ஹெர்ட்ஸ் மின்சார இரைச்சல். எர்த் சரியில்லை, அல்லது லீட் ஒயரும் மின் ஒயரும் ஒன்றாகச் சுருண்டு கிடக்கின்றன என்று அர்த்தம். பாறை நிலத்தில் தோண்டிய எர்த் குழி கோடையில் காய்ந்துபோகும்; எலக்ட்ரீஷியனை வைத்து எர்த் மின்தடையை ஆண்டுக்கு ஒருமுறையாவது, அதுவும் கோடையில், அளக்கச் சொல்லுங்கள்.

எளிய சோதனை ஒன்று உண்டு. மானிட்டரின் பேட்டரி நல்ல நிலையில் இருந்தால், மின் இணைப்பை எடுத்துவிட்டுச் சிறிது நேரம் பேட்டரியில் ஓட்டுங்கள். குழப்பம் மறைந்தால் அது மின் ஒயர் வழியாக வந்தது. மறையாவிட்டால் காற்று வழியாகவோ நோயாளியின் உடல் வழியாகவோ வருகிறது. வென்டிலேட்டரில் மட்டும் இந்தச் சோதனையை நோயாளி இணைந்திருக்கும்போது செய்யாதீர்கள்.

ரேடியோ அலை இடையூறுக்கென்று ஒரு குணம் இருக்கிறது. அது வந்து வந்து போகும். ஒருவர் அறைக்குள் நுழைந்ததும் தொடங்கி, அவர் போனதும் நிற்கும். ஒரே படுக்கையில் மட்டும் வரும், அல்லது ஒரே நேரத்தில் பல கருவிகளில் வரும்.

ஆபரேஷன் தியேட்டரில், மின்சாரத்தால் திசுவை வெட்டி ரத்தக் கசிவை நிறுத்தும் காட்டரி கருவியின் மிதியை அழுத்தியதும் இசிஜி அலங்கோலமாவதும் ரேடியோ அலை இடையூறுதான். காட்டரி சுமார் 300 கிலோஹெர்ட்ஸிலிருந்து சில மெகாஹெர்ட்ஸ் வரை வேலை செய்கிறது, உடலிலேயே மின்சாரத்தைச் செலுத்துகிறது. கால் எடுத்ததும் கோடு திரும்பிவிட்டால் கவலையில்லை. திரும்பாவிட்டால், நோயாளியின் உடலில் ஒட்டிய காட்டரி தகடு நன்றாகப் பதிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

படி 3: ஒரு நோட்டு போடுங்கள்

தேதி, மணி, படுக்கை எண், கருவியின் வரிசை எண், என்ன நடந்தது, அப்போது அருகில் யார் எதை வைத்திருந்தார்கள், எது ஓடிக்கொண்டிருந்தது. இவ்வளவு போதும். இரவுப் பணியில் இருப்பவர்களும் எழுத வேண்டும். பக்கத்து வெல்டிங் பட்டறை எத்தனை மணிக்கு ஓடுகிறது, ஜெனரேட்டர் எப்போது ஓடியது என்பதோடு நோட்டை ஒப்பிட்டால் பாதிக் கோளாறுகளின் காரணம் அங்கேயே தெரிந்துவிடும்.

படி 4: அலை வீசுபவற்றைப் பட்டியலிட்டு, தூரத்தைக் கணக்கிடுங்கள்

மருத்துவமனையை வாசலிலிருந்து மொட்டை மாடி வரை ஒருமுறை நடந்து பாருங்கள். செக்யூரிட்டியின் வாக்கி-டாக்கி, ஊழியர்களின் போன்கள், வைஃபை ரவுட்டர்கள், கேன்டீன் மைக்ரோவேவ் அடுப்பு, பிசியோதெரபி அறையில் 27.12 மெகாஹெர்ட்ஸ் அலையால் உடலுக்குச் சூடு கொடுக்கும் ஷார்ட்வேவ் டயதர்மி, பொருள்களைக் கண்காணிக்கும் ஆர்எஃப்ஐடி கருவி, மலிவான எல்இடி விளக்குகள் என எல்லாவற்றையும் எழுதுங்கள்.

இனி ஒரு கணக்கு. வாட் அளவின் வர்க்கமூலத்தை 7-ஆல் பெருக்கி, மீட்டரில் தூரத்தால் வகுத்தால், அந்த இடத்தில் அலையின் வலிமை மீட்டருக்கு எத்தனை வோல்ட் என்று தோராயமாகக் கிடைக்கும். சுவர்களும் இரும்புக் கட்டில்களும் இதைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். ஆனாலும் முடிவெடுக்க இது போதும்.

- 5 வாட் வாக்கி-டாக்கி: 1 மீட்டரில் சுமார் 16 வோல்ட், 3 மீட்டரில் சுமார் 5 வோல்ட்.
- 2ஜி-யில் முழுச் சக்தியில், அதாவது 2 வாட்டில் பேசும் போன்: 30 சென்டிமீட்டரில் 33 வோல்ட், 1 மீட்டரில் 10 வோல்ட்.
- 4ஜி-யில் முழுச் சக்தியில், 0.2 வாட்டில் இருக்கும் போன்: 30 சென்டிமீட்டரில் 10 வோல்ட், 1 மீட்டரில் 3 வோல்ட்.
- 0.1 வாட் வைஃபை ரவுட்டர்: 1 மீட்டரில் சுமார் 2 வோல்ட்.

இந்த எண்களை எதோடு ஒப்பிடுவது? மருத்துவ மின்கருவிகளின் மின்காந்தப் பொருத்தத்துக்கு, அதாவது சுற்றியுள்ள அலைகளால் தடுமாறாமலும் மற்றவற்றைக் குழப்பாமலும் இயங்குவதற்கு, ஐஈசி 60601-1-2 என்ற சர்வதேசத் தரநிலை இருக்கிறது. 2001-இல் வந்த இரண்டாம் பதிப்பின்படி சாதாரணக் கருவி மீட்டருக்கு 3 வோல்ட்டையும், உயிர் காக்கும் கருவி 10 வோல்ட்டையும் தாங்கினால் போதும். 2014-இல் வந்த நான்காம் பதிப்புதான் போன்கள் 30 சென்டிமீட்டர் வரை நெருங்கும் என்பதை ஏற்றுக்கொண்டு, பல போன் அலைவரிசைகளில் 28 வோல்ட் வரை சோதிக்கச் சொன்னது. சிறு மருத்துவமனைகளில் பழைய கருவிகளும், பெரிய மருத்துவமனைகள் கழித்துவிட்டதை வாங்கிய கருவிகளும் ஏராளம். புதிய மானிட்டரின் பக்கத்தில் பாதுகாப்பான போன், பதினைந்து வருடப் பழைய சிரிஞ்ச் பம்பின் பக்கத்தில் பாதுகாப்பானது அல்ல. ஆகவே பட்டியலில் கருவி தயாரான ஆண்டையும் சேர்த்து எழுதுங்கள். இந்த ஒரு வரி மிக முக்கியம்.

ஆர்எஃப்ஐடி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்தியாவில் 865 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசையில் உரிமம் இல்லாமலே பயன்படுத்தலாம் என்பதால் விற்பனையாளர்கள் தாராளமாகக் கொண்டுவருகிறார்கள். ஆம்ஸ்டர்டாமில் நடந்து 2008-இல் வெளியான சோதனையில், 41 கருவிகளிடம் 123 முறை சோதித்ததில் 34 இடையூறுகள் வந்தன; அவற்றில் 22 ஆபத்தானவை. தூரத்தின் நடுமதிப்பு 30 சென்டிமீட்டர். ஒரு நேர்வில் 6 மீட்டர் தள்ளியிருந்தும் இடையூறு வந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆர்எஃப்ஐடி ரீடர் வைக்க யாராவது வந்தால், சோதித்துக் காட்டாமல் அனுமதிக்காதீர்கள்.

படி 5: சிக்னல் வரைபடம் போடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

போன் எப்போதும் ஒரே சக்தியில் அலை வீசுவதில்லை. டவர் தெளிவாகக் கேட்கும் இடத்தில் மிகக் குறைந்த சக்தியே அதற்குப் போதும். சிக்னல் மங்கிய இடத்தில் சக்தியை உச்சத்துக்கு ஏற்றுகிறது. விசைத்தறி ஓடும் கூடத்தில் பக்கத்தில் நிற்பவரிடம் பேசக்கூடத் தொண்டை கிழியக் கத்துகிறோமே, அப்படித்தான். ஆகவே, "இங்கே சிக்னலே இல்லை, அதனால் பாதுகாப்பு" என்று நினைக்கப்படும் அறைதான் மிக ஆபத்தான அறை. அடித்தளத்தில் உள்ள ஐசியூ, லிஃப்டை ஒட்டிய வார்டு, ஈயத் தகடு பதித்த எக்ஸ்ரே அறைக்குப் பின்னால் இருக்கும் படுக்கை ஆகியவற்றில் போன் அழைப்பு வராமலேயே அவ்வப்போது டவரிடம் தன்னைப் பதிவு செய்துகொள்ளக் கத்தும்.

ஏற்காட்டில் இது இரட்டிப்பாகிறது. மலை மடிப்புகள் டவரை மறைக்கின்றன. பழைய கட்டடங்களின் கருங்கல் சுவர்கள் மிச்சத்தைத் தடுக்கின்றன. காபித் தோட்டங்களிலிருந்து வரும் உறவினர்களிடம் பட்டன் போன்கள் இன்னும் இருக்கின்றன. அவை 2ஜி-யில், 900 மெகாஹெர்ட்ஸில் 2 வாட் வரை போகும். 2ஜி போன் நொடிக்கு 217 முறை துண்டு துண்டாக அலை வீசும். பழைய ஸ்பீக்கர் பக்கத்தில் அழைப்பு வருவதற்கு முன் கேட்கும் அந்த 'டிக்-டிடிக்' ஓசை இதனால்தான். கருவியின் ஒயர்கள் ஆன்டெனாவாக மாறி அந்தத் துடிப்பைப் பிடிக்கின்றன. உள்ளே இருக்கும் குறைகடத்திகள் அதை ஒரு பொய்யான சிக்னலாக மாற்றிவிடுகின்றன. கருவி அதை இதயத் துடிப்பு என்றோ காற்றுக் குமிழி என்றோ நம்பிவிடலாம்.

வரைபடம் போடுவது எளிது. பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களின் செட்டிங்கில் சிக்னல் வலிமை மைனஸ் குறியோடு டிபிஎம் அளவில் காட்டப்படும். ஒவ்வொரு படுக்கையிலும் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். 4ஜி-யில் மைனஸ் 85 நல்லது. மைனஸ் 110-ஐவிட மோசமாக, அதாவது மைனஸ் 115, மைனஸ் 120 என்று காட்டினால் அந்தப் படுக்கையைச் சிவப்பில் குறியுங்கள். எல்லா நிறுவனங்களின் சிம்முக்கும் தனித்தனியாகப் பாருங்கள், ஏனென்றால் நோயாளியின் உறவினர் எந்தச் சிம் வைத்திருப்பார் என்று நமக்குத் தெரியாது.

சிவப்புப் படுக்கைகளுக்கு என்ன செய்வது? தொலைபேசி நிறுவனத்திடம் எழுதிக் கேட்டுக் கட்டடத்துக்குள் சிறிய ஆன்டெனாக்கள் வைக்கச் சொல்லலாம். வைஃபை வழியாக அழைக்கும் வசதியை ஊழியர்களின் போன்களில் இயக்கலாம். வைஃபை அலையின் சக்தி மிகக் குறைவு. கடையில் கிடைக்கும் சிக்னல் பூஸ்டரை மட்டும் வாங்கி மாட்டாதீர்கள். உரிமம் பெற்ற நிறுவனங்கள் தவிர வேறு யாரும் அதை வைத்திருப்பதும் விற்பதும் சட்டவிரோதம் என்று தொலைத்தொடர்புத் துறை 2022 ஜனவரியில் தெளிவாக அறிவித்திருக்கிறது. சிக்னலை முடக்கும் ஜாமருக்கும் தனியார் மருத்துவமனைக்கு அனுமதி கிடையாது. அதுவே தொடர்ந்து அலை வீசும் கருவி என்பதையும், அவசர அழைப்பைக்கூட அது தடுத்துவிடும் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

தெருமுனையில் டவர் வருகிறது என்று மருத்துவமனைகள் எதிர்ப்பதைப் பார்க்கிறேன். கருவிகளின் பாதுகாப்பை மட்டும் வைத்துப் பார்த்தால், நூறு மீட்டர் தள்ளி இருக்கும் டவரைவிட நோயாளியின் தலையணையில் கிடக்கும் போன்தான் வலிமையானது. டவர் அருகில் வந்தால் அந்தப் போன் அடங்கிப் பேசும்.

படி 6: நீங்களே சோதித்துப் பாருங்கள்

அமெரிக்காவில் ஏஎன்எஸ்ஐ சி63.18 என்ற நடைமுறை, மருத்துவமனைக்குள்ளேயே எளிய சோதனை செய்ய வழிகாட்டுகிறது. அதன் சாரத்தைச் சிறு மருத்துவமனையும் பின்பற்றலாம். காலியான அறைக்குக் கருவியைக் கொண்டுபோங்கள். நோயாளியோடு இணைத்திருக்கும் கருவியில் இதை ஒருபோதும் செய்யக் கூடாது. மானிட்டருக்குப் போலி இதயத் துடிப்பைத் தரும் இசிஜி சிமுலேட்டர், பம்புக்குத் தண்ணீர் நிரப்பிய சிரிஞ்ச், வென்டிலேட்டருக்குச் செயற்கை நுரையீரல் பை.

உங்களிடம் உண்மையில் புழங்கும் வாக்கி-டாக்கியையும் போனையும் எடுத்து, தூரத்தில் தொடங்கி மெல்ல நெருங்குங்கள். பேச்சுப் பொத்தான் அழுத்தியபடியே இருக்கட்டும். ஆன்டெனாவைச் செங்குத்தாகவும் படுக்கையாகவும் திருப்புங்கள். கருவியின் முன்பக்கம் மட்டுமல்ல, பின்பக்கம், பக்கவாட்டு, ஒயர்கள் ஓடும் பாதை எல்லாவற்றையும் சுற்றி வாருங்கள். பெரும்பாலும் ஒயர் வழியாகத்தான் அலை நுழையும். கருவி தடுமாறும் தூரத்தை அளந்து, அதை இரட்டிப்பாக்கி, அந்தக் கருவியின் மேலேயே ஸ்டிக்கராக ஒட்டுங்கள். தடுமாறிய பம்ப் அலை நின்றபின் தானாகத் திரும்புகிறதா, நின்றே போகிறதா என்பதையும் குறியுங்கள். அலாரம் இல்லாமல் மருந்தின் வேகம் மாறினால் அந்தப் பம்பை அன்றே வார்டிலிருந்து எடுத்துவிடுங்கள்.

படி 7: சரிசெய்வது

அதிகச் செலவில்லாதவற்றிலிருந்து தொடங்குங்கள். கவசம் கிழிந்த இசிஜி கேபிளை டேப் சுற்றி ஓட்டாமல் மாற்றுங்கள். பழுது பார்த்தபின் பின்பக்க மூடியின் எல்லாத் திருகுகளும் திரும்பப் போடப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள்; விடுபட்ட திருகின் இடைவெளி வழியாக அலை உள்ளே போகும். நீளமான லீட் ஒயர்களைச் சுருட்டி வைக்காமல் உடலோடு ஒட்டியபடி கொண்டுவாருங்கள். தயாரிப்பாளர் அனுமதித்தால், ஒயர் வழியாக வரும் அலையை அடக்கும் ஃபெரைட் வளையம் மாட்டலாம். டயதர்மி கருவியை ஐசியூவுக்கு அடுத்த அறையிலிருந்து கட்டடத்தின் மறுகோடிக்கு மாற்றுங்கள். புதிய எல்இடி விளக்கு மாட்டிய பிறகு கோளாறு தொடங்கியிருந்தால், அதை அணைத்துப் பார்ப்பதுதான் முதல் சோதனை.

வயர்லெஸ் மானிட்டர்களுக்கு வேறொரு பிரச்சினை உண்டு: அவற்றின் குரலே மற்றவற்றின் இரைச்சலில் அமிழ்ந்துவிடும். 1998 பிப்ரவரியில் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் ஒரு தொலைக்காட்சி நிலையம் டிஜிட்டல் ஒளிபரப்பைச் சோதித்தபோது, பெய்லர் மருத்துவமனையின் வயர்லெஸ் இதய மானிட்டர்கள் செயலிழந்தன. அதன் பிறகு 2000-இல் அமெரிக்கா நோயாளியின் அளவுகளை வயர்லெஸ்ஸில் அனுப்பும் மருத்துவ டெலிமெட்ரிக்கென்று தனி அலைவரிசைகளை ஒதுக்கியது. நம் ஊரில் விற்கும் பல மானிட்டர்கள் வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸையே பகிர்ந்துகொள்கின்றன. உறவினர்களுக்கான இலவச வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். மானிட்டர்களுக்கு 1, 6, 11 ஆகிய சேனல்களில் ஒன்றைத் தனியாக ஒதுக்குங்கள். மைக்ரோவேவ் அடுப்பை நர்ஸ் அறையிலிருந்து அகற்றுங்கள்.

படி 8: பலகையை மாற்றி எழுதுங்கள்

"செல்போன் கூடாது" என்பதற்குப் பதிலாக, "கருவிகளிலிருந்தும் ஒயர்களிலிருந்தும் ஒரு மீட்டர் தள்ளி நின்று பேசுங்கள். போனைக் கட்டிலிலோ கருவியின் மேலோ வைக்காதீர்கள்" என்று எழுதுங்கள். சிவப்புப் படுக்கைகளிலும் பழைய பம்புகள் இருக்கும் இடங்களிலும் மட்டும் முழுத் தடை போடுங்கள். தடை சில இடங்களில் மட்டும் இருந்தால் மக்கள் மதிப்பார்கள். பேசுவதற்கென்று சிக்னல் நன்றாக இருக்கும் சன்னலோரத்தில் இரண்டு நாற்காலி போடுங்கள். வாக்கி-டாக்கி வைத்திருப்பவர் ஐசியூ, தியேட்டர் கதவைத் தாண்டக் கூடாது. இந்த விதிக்கு விலக்கே வேண்டாம்.

ஆம்புலன்ஸ்: மலைப்பாதைக்குத் தனிக் கவனம்

ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிச் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வரும் ஆம்புலன்ஸில், மேலே சொன்ன எல்லாமே ஒரு சிறிய பெட்டிக்குள் நெருங்கி இருக்கின்றன. சிக்னல் வந்து வந்து போகிறது; போன்கள் டவரோடு பேச உச்ச சக்திக்குப் போகின்றன; உறவினரின் மடிக்கும் மானிட்டருக்கும் இடையே அரை மீட்டர் இருந்தால் அதிகம்.

1992-இல் அமெரிக்காவில், மாரடைப்பு வந்த நோயாளி ஒருவரை ஏற்றி வந்த ஆம்புலன்ஸில் ரேடியோவை இயக்கிய ஒவ்வொரு முறையும் மானிட்டர்-டிஃபிபிரிலேட்டர் (இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவி) நின்றுபோனது. நோயாளி இறந்துவிட்டார். உலோகக் கூரையை மாற்றி ஃபைபர் கூரை போட்டதும், அதன் மேல் நீண்ட தூர ஆன்டெனா வைத்ததும் காரணம் என்று பின்னர் கண்டறிந்தார்கள். உலோகக் கூரை அலையைத் தடுத்திருக்கும். ஃபைபர் உள்ளே விட்டுவிட்டது. ஆகவே வண்டியை மாற்றியமைத்தாலோ புதிய ஆன்டெனா வைத்தாலோ, கருவிகளை ஓடவிட்டு ரேடியோவை அழுத்திப் பார்க்காமல் நோயாளியை ஏற்றாதீர்கள். மலைப்பாதையில் உறவினர்கள் போன்களை ஃபிளைட் மோடில் வைக்கட்டும். தகவல் சொல்லும் பொறுப்பை ஓட்டுநர் பக்கத்தில் இருப்பவரின் ஒரு போனுக்கு மட்டும் கொடுங்கள்.

உடலுக்குள் கருவி இருப்பவர்கள்

பேஸ்மேக்கர் உள்ளவர்கள் அது இருக்கும் பக்கத்துச் சட்டைப் பையில் போனை வைக்காமல், பதினைந்து சென்டிமீட்டர் தள்ளி, எதிர்ப்பக்கக் காதில் பேசினால் போதும். காந்தம் உள்ள புதிய போன்களுக்கும் வயர்லெஸ் இயர்பட்ஸ் வைக்கும் பெட்டிகளுக்கும் இதே தூரம். மூளைத் தூண்டல் கருவி பொருத்தியவர்களுக்கு டயதர்மி சிகிச்சை கூடவே கூடாது. பிசியோதெரபி அறைக்குள் அனுப்புமுன் "உடலுக்குள் ஏதாவது கருவி வைத்திருக்கிறார்களா?" என்ற ஒரு கேள்வியைக் கட்டாயமாக்குங்கள்.

படி 9: வாங்கும்போதும், புகார் செய்யும்போதும்

விலைப்புள்ளி கேட்கும்போதே ஐஈசி 60601-1-2 எந்தப் பதிப்பின்படி சோதிக்கப்பட்டது என்று எழுத்தில் கேளுங்கள். கையேட்டின் கடைசிப் பக்கங்களில் அதற்கான அட்டவணை இருக்கும், இல்லாவிட்டால் வாங்காதீர்கள். வீட்டுக்கு அனுப்பும் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் போன்றவற்றுக்கு வீட்டுப் பயன்பாட்டுக்கான சோதனை, அதாவது மீட்டருக்கு 10 வோல்ட், செய்யப்பட்டிருக்க வேண்டும். வீட்டில் போனைத் தள்ளி வைக்கச் சொல்ல நர்ஸ் இருக்க மாட்டார்.

நோயாளிக்குத் தீங்கு நேர்ந்தாலோ, மயிரிழையில் தப்பினாலோ, இந்திய மருந்தியல் ஆணையம் 2015 முதல் நடத்தும், மருத்துவக் கருவிகளால் வரும் தீங்குகளைப் பதிவு செய்யும் மெட்டீரியோவிஜிலன்ஸ் திட்டத்துக்கு எழுதுங்கள். அதன் இணையப் படிவத்தில் செவிலியரோ டெக்னீஷியனோ யாரும் நேரடியாகப் பதிவு செய்யலாம். நீங்கள் போட்ட நோட்டின் பக்கம், கருவியின் வரிசை எண், சோதனையில் அளந்த தூரம், அருகில் இருந்த போன் அல்லது வாக்கி-டாக்கியின் மாடல் ஆகியவற்றை இணையுங்கள். பதிவு செய்து முடிக்கும் வரை கருவியைச் சர்வீஸ் ஆளிடம் கொடுக்காமல், அதன் நினைவகத்தில் உள்ள நிகழ்வுப் பதிவை எடுத்துக்கொண்டு, "பயன்படுத்தாதீர்" என்று எழுதி ஒட்டித் தனியாகப் பூட்டி வையுங்கள். சர்வீஸில் மென்பொருளைப் புதுப்பித்தால் அந்தப் பதிவு அழிந்துபோகலாம்.